அண்ணாச்சி பதில்கள்: இங்கிலீஷ் காய்க்குக் குளிர், நாட்டுக்காய்க்கு நிழல்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வியாதியைப் பற்றியவை: குளிரால் காய்க்கு வரும் கேடு. எழுதியவர்களுக்கு அது ஒரே வியாதி என்று தெரியவில்லை. ஒருவர் கத்தரிக்காய் என்கிறார், ஒருவர் வாழைத்தார் என்கிறார், இன்னொருவர் மங்குஸ்தான். உரம், பூச்சிக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நயினார்குளம் மார்க்கெட்டில் 31 வருஷம் கமிஷன் கடையில் உட்கார்ந்தவன், இந்த வியாதியால் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

மகாராஜநகர் உழவர் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கத்தரிக்காய் பளபளவென்று இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்து வியாழக்கிழமை எடுத்தால் தோலில் குழி குழியாக விழுந்திருக்கிறது. நறுக்கினால் விதையெல்லாம் கறுப்பு. பழைய காயைத் தலையில் கட்டுகிறார்களா, இல்லை மருந்து அடித்த காயா?
— வாசகி, பாளையங்கோட்டை

விற்ற அம்மாவைச் சந்தேகப்படாதீர்கள். காயைக் கெடுத்தது உங்கள் ஃபிரிட்ஜ்.

மார்க்கெட்டில் நாங்கள் காய்கறியை இரண்டாகப் பிரித்துப் பேசுவோம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் 'இங்கிலீஷ் காய்'. ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் இறங்குவது. கத்தரி, வெண்டை, புடலை, பாகல், தடியங்காய், பூசணி எல்லாம் 'நாட்டுக்காய்'. யாரோ வியாபார வசதிக்கு வைத்த பேர்தான். ஆனால் குளிரைப் பொறுத்தவரை இது கிட்டத்தட்ட விஞ்ஞானப் பிரிவினை. இங்கிலீஷ் காய் குளிரில் பிறந்தது, ஃபிரிட்ஜின் 4 டிகிரி அதற்குப் பிறந்த வீடு மாதிரி. நாட்டுக்காய் வெயிலில் பிறந்தது. 10 டிகிரிக்குக் கீழே போனாலே அதற்கு உடம்பு முடியாமல் போகும்.

காய் உறைந்து போவது வேறு, இது வேறு. உறைய வேண்டுமென்றால் பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும். இது உறையாத குளிரிலேயே வரும் கேடு. ஏன் வருகிறது என்பதற்கு உங்கள் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ராத்திரிக்குள் தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும், நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். காயின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு உண்டு. நாட்டுக்காயின் சவ்வு தேங்காய் எண்ணெய் ஜாதி, குளிரில் இறுகிவிடும். இறுகினால் விரிசல், விரிசல் விட்டால் கசிவு. உள்ளே தனித்தனி அறையில் இருந்த சரக்குகள் ஒன்றோடொன்று கலந்து கறுக்கும். நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுக்கிறதே, அதேதான். கத்தி படாமலே உள்ளுக்குள் நடக்கிறது.

இதில் ஒரு துரோகம் இருக்கிறது. குளிரில் இருக்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வெளியே எடுத்து வைத்த சில மணி நேரத்திலோ மறுநாளோதான் குழியும் கறுப்பும் கிளம்பும். அதனால்தான் பழி சந்தைக்காரர் மேல் விழுகிறது.

சரி, என்ன செய்யலாம்? கத்தரிக்காயை இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் வாங்குங்கள். ஈரமில்லாமல் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, துணிப்பையில் போட்டு, வீட்டில் வெயில் படாத மூலையில் வையுங்கள். சித்திரை வெயிலில் அது முடியாது என்றால் ஃபிரிட்ஜின் அடித்தட்டுக் காய்ப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் பின்சுவரை ஒட்டி வேண்டாம், ஃபிரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டு வேண்டவே வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடுத்தட்டு 4, காய்ப் பெட்டி 8, கதவின் மேல்தட்டு 9 காட்டியது. வெண்டைக்காய் இப்போது கதவில்தான் இருக்கிறது. முட்டை கீழே இறங்கிவிட்டது. வீட்டம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

ஃபிரிட்ஜில் வைத்த தக்காளியில் ரசம் வைத்தால் மணமே இல்லையே, ஏன்?
— வாசகர், அம்பாசமுத்திரம்

மணம் செத்துவிடுகிறது. 2016-இல் அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காரர்கள் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். இனிப்பும் புளிப்பும் அப்படியே இருந்தன, மணம் கொடுக்கும் பொருள்கள்தான் குறைந்துபோயின. வெளியே எடுத்து வைத்த பிறகும் முழுசாகத் திரும்பவில்லை. செங்காயாக இருக்கும் தக்காளியைக் கண்டிப்பாக வெளியே வையுங்கள், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல். குளிரில் வைத்தால் திட்டுத் திட்டாகப் பழுக்கும், அப்புறம் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். நன்றாகப் பழுத்து, நாளைக்குள் அழுகிவிடும் என்ற நிலையில் இருந்தால் மட்டும் ஃபிரிட்ஜ். அதுவும் இரண்டு நாள்.

மகள் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குத் தேங்காய்ப்பால் சொதி வைக்க வேண்டும். கல்யாண அலைச்சலில் காய் வாங்க ஆள் இருக்காது என்று மூன்று நாள் முன்னாலேயே வாங்கி, மண்டபத்துக் குளிர்ப்பெட்டியில் மொத்தமாக அடைக்கலாம் என்கிறார் மச்சான். செய்யலாமா?
— வாசகர், திருநெல்வேலி டவுன்

மச்சான் பாதி சரி. சொதிக்குள் இரண்டு கட்சியும் இருக்கிறது. கேரட், பச்சைப் பட்டாணி இரண்டையும் தாராளமாகக் குளிரில் வையுங்கள். கேரட்டின் தழையை நறுக்கிவிட்டு, காற்றுப் போகாத பையில் கட்டுங்கள். இல்லாவிட்டால் வதங்கி வளையும்.

பீன்ஸிடம் ஜாக்கிரதை. மார்க்கெட்டில் அது இங்கிலீஷ் காயோடு உட்கார்ந்திருக்கும், மலையிலிருந்துதான் வரும், ஆனால் குணம் நாட்டுக்காய் குணம். 5 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால், வெளியே எடுத்ததும் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழும். பால் மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டிய சொதியில் துருப்பிடித்த பீன்ஸ் மிதந்தால் சம்பந்தி வீட்டார் வாயால் சொல்ல மாட்டார்கள், கண்ணால் சொல்வார்கள். குடைமிளகாயும் இதே ரகம்தான், சொதிக்கு அது வேண்டாம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சொதியில் லேசாக இனிக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே கிழங்கில் பொரியலோ சிப்ஸோ போட்டால் வேகும் முன்னே கருகிவிடும். சாக்கில் கட்டி இருட்டில் வைத்தால் போதும். முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். பீன்ஸைச் சமைப்பதற்கு முந்தின நாள் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு சின்னப் பையனை அனுப்பினால் போதாதா? இஞ்சியையும் குளிர்ப்பெட்டிக்குள் போடாதீர்கள், ஈர மணலில் புதைத்தால் ஒரு மாதம் அசையாது.

களக்காட்டில் ஏத்தன் (நேந்திரன்) வாழை போட்டிருக்கிறேன். ஓணத்துக்கு மூன்று வாரம் முன்பே 200 தார் வெட்டுக்கு வந்துவிடும். விலை ஏறும்வரை குளிர்பதனக் கிடங்கில் வைக்கலாம் என்கிறான் தம்பி மகன். எத்தனை டிகிரியில் வைக்கச் சொல்ல?
— விவசாயி, களக்காடு

தம்பி மகன் சொல்வது நடக்கக்கூடிய காரியம்தான். அவனிடம் ஒரே ஒரு எண்ணைச் சொல்லுங்கள்: 13. அதற்குக் கீழே ஒரு டிகிரிகூட இறங்கக் கூடாது. 13-க்கும் 14-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

இந்த எண் தெரியாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். 1994 ஆவணி. எனக்கு அப்போது வயசு முப்பத்திரண்டு, அப்பாவிடமிருந்து கடை கைக்கு வந்து இரண்டு வருஷம், மூளை முழுக்க விலைக்கணக்கு. இதே ஏத்தன், 60 தார். ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது விலை படுத்துக் கிடந்தது. தெரிந்தவர் ஒருவரின் குளிர்க் கிடங்கில் உருளைக்கிழங்கு அடுக்கியிருந்தார்கள், ஓரமாக இடம் இருந்தது. 'நம்ம அறை நல்லா குளிரும் அண்ணாச்சி' என்றார் அங்கிருந்த பையன். எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. நாலு நாள் வைத்தேன். எடுக்கும்போது பச்சைப் பசேல். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பச்சை கொஞ்சம் மங்கினாற்போல இருந்தது, பனி படிந்த ஈரம் என்று நினைத்துத் துண்டால் துடைத்தேன். துடைத்த ஞாபகம் இன்னும் கையில் இருக்கிறது. லாரியில் ஏற்றி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு தாண்டிக் கேரளாவுக்கு அனுப்பியாயிற்று.

மூன்றாம் நாள் அங்கிருந்து போன். 'அண்ணாச்சி, காய் பழுக்கவும் இல்லை, காயாகவும் இல்லை. சாம்பல் பூசின மாதிரி நிற்கிறது.' ஓணம் வந்தது, போனது. என் தார்கள் மஞ்சளே காணாமல் சாம்பலில் இருந்து நேராகக் கறுப்புக்குப் போயின. உள்ளே சதை கட்டி கட்டியாக, ருசியில்லாமல். சிப்ஸுக்குக்கூட எடுக்க ஆளில்லை. அப்பா ஒன்றும் திட்டவில்லை. ஒரு காயை எடுத்துக் கத்தியால் மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவிக் காட்டினார். தோலுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் மயிரிழை மாதிரி கோடுகள். 'ஏலே, இதை ஏத்துறதுக்கு முன்னால பாத்திருக்கணும்லா' என்றார்.

அந்தச் சோதனையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கிலிருந்து இறக்கும்போது நாலு தாரில் ஒவ்வொரு காயைச் சீவிப் பாருங்கள். கோடு இருந்தால் அந்தச் சரக்கைத் தூரத்துக்கு அனுப்பாதீர்கள்.

இனி வேலை விவரம். முக்கால் பருவத்தில், திரட்சி முழுசாக உருண்டுவிடும் முன்னே, விடிகாலையில் வெட்டுங்கள். வெயில் சூட்டோடு கிடங்குக்குள் அடைத்தால் அறை ஆறுவதற்கே ஒரு நாள் ஓடிவிடும். தாராக அடுக்குவதைவிடச் சீப்பாகப் பிரித்து, வெட்டுவாயில் பால் வடிந்த பிறகு கழுவி, நிழலில் உலர்த்திப் பெட்டியில் அடுக்கினால் காற்று ஊடே போகும். அறையில் ஈரப்பதம் 90-க்கு மேல் இருக்கட்டும். பக்கத்தில் பழுத்த மாம்பழமோ பப்பாளியோ இருக்கக் கூடாது, அவை விடும் எத்திலீன் வாயு உங்கள் காயைப் பழுக்கத் தூண்டிவிடும். இப்படி வைத்தால் மூன்று வாரம் தாங்கும். பழுக்க வைக்கும்போது 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி, எத்திலீன் அறையில் விடுங்கள். கார்பைடு கல் பக்கமே போகாதீர்கள், அது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

கிடங்குக்காரர் 'கேரட்டும் இருக்கு, அதோட சேர்த்து வச்சிரலாம்' என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கேரட்டுக்கு நல்லது உங்கள் ஏத்தனுக்கு எமன். தனி அறை இல்லையென்றால் வைக்காமல் வந்த விலைக்கு விற்பது எவ்வளவோ மேல்.

மழைக்காலத்தில் எலுமிச்சை மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி, கோடைக்கு வைத்திருந்து விற்க முடியுமா? போன முறை கடைக் கூலரில் வைத்தேன், தோலெல்லாம் பழுப்புக் குழி.
— சிறு வியாபாரி, புளியங்குடி

எலுமிச்சை ஊரிலிருந்து எனக்கு எலுமிச்சைக் கேள்வியா! கடைக் கூலர் சோடாவுக்குச் செய்தது, 4 டிகிரியில் ஓடும். எலுமிச்சையை 10-க்குக் கீழே இறக்கக் கூடாது. 10-இலிருந்து 12-க்குள், ஈரப்பதம் குறையாமல் வைத்தால், பச்சை மாறாத காய் ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம் நிற்கும். மஞ்சளானது அவ்வளவு நிற்காது. ஐப்பசியில் வாங்கிப் பங்குனியில் விற்கிற கணக்கு எந்த அறையிலும் நடக்காது. ஆறு வாரத்துக்குள் விலை ஏறும் என்று உறுதி இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் உப்பில் போட்டு ஊறுகாய்க்காரருக்குக் கொடுங்கள்.

ஒரு விஷயம் உதவும். காயிலிருந்து ஈரம் ஓடுவதைத் தடுத்தால் குழி விழுவது குறையும். மெழுகு பூசுவதும், மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றுவதும் அதற்குத்தான். வீட்டுக்கு வைப்பவர்கள் மூடியுள்ள டப்பாவில் போட்டுக் காய்ப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் கவலையில்லை.

குற்றால சீசனில் வாங்கிய மங்குஸ்தானைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒரு வாரத்தில் கல் மாதிரி ஆகிவிட்டது. கத்தியே இறங்கவில்லை.
— நெல்லைக்காரர், சென்னை

குளிர்தான். மங்குஸ்தானும் 13 டிகிரி ஜாதி, கீழே போனால் ஓடு இறுகிவிடும். கீழே விழுந்து அடிபட்டாலும் அந்த இடம் இப்படித்தான் கல்லாகும், ரயிலில் பையைத் தூக்கிப் போட்டீர்களா என்றும் யோசியுங்கள். வாங்கும்போதே கட்டை விரலால் அழுத்தி, ஓடு கொஞ்சம் அமுங்குகிறதா என்று பாருங்கள். வெளியில் வைத்து மூன்று நாலு நாளுக்குள் தின்றுவிடுங்கள். சில்லென்று வேண்டுமானால் தின்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வைத்தால் போதும், ஒரு மணி நேரத்தில் எந்தப் பழமும் சாகாது.

எங்கள் காய்கறிக் கடைக்குக் கூலர் வாங்க வசதியில்லை. ஆடிக் காற்றில் காயெல்லாம் சாயங்காலத்துக்குள் வதங்கிவிடுகிறது.
— கடைக்காரப் பெண், வள்ளியூர்

அம்மா, நீங்கள் விற்பது பெரும்பாலும் நாட்டுக்காய்தானே? கூலர் இல்லாதது ஒருவிதத்தில் நல்லதே. உங்களுக்கு வேண்டியது குளிரல்ல, ஈர நிழல்.

டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980-களில் ஒரு செங்கல் தொட்டி செய்து காட்டினார்கள். கரண்டே வேண்டாம். நிழலில் தரையில் ஒரு வரிசை செங்கல் பரப்பி, அதைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டு சுவருக்கும் நடுவில் 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்று மணல். உயரம் முட்டிக்குக் கொஞ்சம் மேலே. மணலையும் செங்கலையும் தண்ணீர் விட்டு ஊறவைத்து, காலையும் மாலையும் நனைக்க வேண்டும். மேலே மூங்கில் தட்டியோ நனைத்த சாக்கோ மூடி. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நம்ம மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படி. நல்ல காய்ந்த நாளில் வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே 10 டிகிரிக்கு மேலேயே குறையும். கத்தரியும் வெண்டையும் குளிர்க்கேடு வராமல், வதங்காமல் இருக்கும்.

பணகுடி பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று உங்கள் கடையில் காயை உலர்த்துகிறது இல்லையா, அதே காற்று இந்தத் தொட்டியை ஃபிரிட்ஜாக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது அவ்வளவாக வேலை செய்யாது. அப்போது காய் வதங்குவதும் குறைவு. ஆற்று மணல் வாங்குவதுதான் இப்போதைக்குப் பெரிய பாடு. பழைய வீடு இடிக்கிற இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

போன இதழில் 'நாட்டுக்காயை ஃபிரிட்ஜில் வைக்காதே' என்று ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். நான் இருபது வருஷமாக வைக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

சார், ஒரு வரியில் எழுதியது என் தப்பு. குளிர் எவ்வளவு, எத்தனை நாள் என்ற இரண்டையும் பெருக்கித்தான் கேடு வருகிறது. 8 டிகிரியில் இரண்டு நாள் வைத்த வெண்டைக்காய்க்கு ஒன்றும் ஆகாது. 3 டிகிரியில் ஐந்து நாள் வைத்தால் ஆகும். இன்னொன்று, கேடு கூட்டு வட்டி மாதிரி சேர்ந்துகொண்டே போகும். லாரியில் ஒரு நாள், கடைக் கூலரில் இரண்டு நாள், உங்கள் வீட்டில் ஒரு நாள் என்றால், பாவம் உங்கள் ஃபிரிட்ஜ், நாலாவது நாளின் பழியைச் சுமக்கும். நீங்கள் தென்காசியில் அன்றன்றைக்கு இறங்கும் காயை வாங்குகிறீர்கள், இரண்டாம் நாளே சமைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் ஃபிரிட்ஜ் பழசு, சரியாகக் குளிராது என்றும் ஒரு சந்தேகம். கோபிக்காமல் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

குளிரில் தோல் கறுத்த வாழைப்பழத்தைச் சாப்பிடலாமா, தூர எறிய வேண்டுமா?
— மாணவி, சங்கரன்கோவில்

பழுத்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்ததென்றால் தோல்தான் கறுத்திருக்கும், உள்ளே நன்றாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடலாம். விஷமெல்லாம் இல்லை. விதை கறுத்த கத்தரிக்காயும் அப்படியே. சமைக்கலாம், ருசி கொஞ்சம் மட்டு, புளிக்குழம்பில் தெரியாது. பூஞ்சை பூத்தது, கொழகொழவென்று நாற்றம் வருவது, இவை மட்டும் மாட்டுக்கும் வேண்டாம், குப்பைக்குழிக்கு. கறுத்த பழத்தை எங்கள் வீட்டில் கோதுமை மாவும் கருப்பட்டியும் சேர்த்துப் பிசைந்து பணியாரம் சுடுவார்கள். ஏலக்காய் இரண்டு தட்டிப் போடச் சொல்லுங்கள்.